சாமுராய்கள் தினமும் என்ன சாப்பிட்டார்கள்?

பழைய ஜப்பானின் போர்வீரர்களான சாமுராய்கள் பச்சை மீன், இறைச்சி என்று தினமும் விருந்தாகத்தான் சாப்பிட்டிருப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சாதாரண சாமுராய்க்குச் சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், ஊறுகாய் அவ்வளவுதான். கூட ஒரு காய் அல்லது டோஃபு (சோயாப் பாலில் செய்யும் கட்டி), வாய்த்த நாளில் மத்தி மீன்.

எனக்கு மிகவும் பிடித்தது 15, 16ஆம் நூற்றாண்டுப் போர்க்கால உணவு. சோற்றை வடித்து வெயிலில் காயவைத்துப் பையில் கட்டிக்கொள்வார்கள். தண்ணீர் ஊற்றினால் சாப்பாடு. சேப்பங்கிழங்குத் தண்டை மிசோவில் வேகவைத்து, உலர்த்தி, கயிறாகத் திரித்துவிடுவார்கள். போகும் வழியில் அது மூட்டை கட்டும் கயிறு. முகாமில் ஒரு துண்டு வெட்டி வெந்நீரில் போட்டால் சூப்! எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் காலாட்படைக்காக எழுதிய ஒரு கையேட்டில், அரிசியை மூன்று நான்கு நாளுக்கு மேல் மொத்தமாகக் கொடுக்காதே, குடிகாரர்கள் அதைச் சாராயமாக்கிவிடுவார்கள் என்றே இருக்கிறது.

அப்புறம் எடோ (இன்றைய டோக்கியோ) தலைமையிடமாக இருந்த 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான எடோ காலம். போர் இல்லை, சம்பளமே அரிசிதான். கீழ்நிலை வீரர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கோ (ஜப்பானிய அளவை), ஏறக்குறைய முக்கால் கிலோ என்று கணக்கிட்டுப் படி அளந்தார்கள். அதில் கொஞ்சத்தை விற்றுத்தான் மற்றச் செலவுகள்.

1860இல் வகாயமாவிலிருந்து எடோவுக்கு வேலைக்கு வந்த சகாய் பான்ஷிரோ என்ற கீழ்நிலை சாமுராய் தான் சாப்பிட்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அறையில் தானே சமைத்திருக்கிறார்; வெளியே போனால் சோபா நூடுல்ஸ், சுஷி. சளி பிடித்தால் மருந்து என்று பன்றி இறைச்சி. இறைச்சிக்குப் பௌத்தத் தடை இருந்த காலத்தில் 'மருந்து' என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு வீரனின் அன்றாடம் தெரிய வேண்டுமென்றால், வாள்வீச்சுக் கதைகளைவிட இந்த மாதிரிக் குறிப்புகளைத்தான் நான் நம்புவேன்.

ஆனால் எடோ சாப்பாட்டில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. ஊரில் தவிடு போகாத அரிசியும் பார்லி கலந்த சோறும் சாப்பிட்டவர்கள், நகரத்துக்கு வந்ததும் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிக்கு மாறினார்கள். தொட்டுக்கொள்ளவும் அதிகம் இல்லை. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். தவிட்டோடு போய்விட்ட வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி அது. அன்று அதற்கு 'எடோ நோய்' என்று பெயர். 1866இல் ஷோகன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) இயெமோச்சி 20 வயதிலேயே இறந்ததற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். அதே நோயோடு சொந்த ஊருக்குத் திரும்பிய சாதாரண சாமுராய்கள், பழைய பார்லிச் சோற்றைச் சாப்பிட்டுத் தேறியிருக்கிறார்கள்.