மடி நிறைந்தால் கடலும் நிறைவா?

கேள்வி: ஒரு மணி நேரம் மடி (இழுவை வலை) இழுத்தால் எத்தனை கிலோ கிடைக்கிறது என்பதை வைத்தே, கடலில் மீன் கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடலாமே?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சொல்லலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. மீன்வளக் கணக்கெடுப்பில் இருந்தபோது துறைமுகத்தில் நின்று படகு படகாக எடை குறித்தவன் நான். ஒரு படகு டிரைவர் புது ஜி.பி.எஸ். வாங்கிய மாதம் அவருடைய பிடிப்பு ஏறியது. கடலில் மீன் ஏறவில்லை.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1980-களில் நடந்ததும் இதுதான், பெரிய அளவில். காட் மீன் குறையக் குறைய, மிச்சமிருந்தவை நெருக்கமாகக் கூடின. ஒலி அனுப்பி மீன் கூட்டத்தைக் கண்டறியும் எக்கோ சவுண்டர் கருவி வைத்திருந்த இழுவைக் கப்பல்கள் நேராக அந்தக் கூட்டத்தின் மேலேயே போய் மடியை இறக்கின. அதனால் பிடிப்பு விகிதம் நன்றாகவே தெரிந்தது. கரையோரம் சிறு படகில் போனவர்களோ மீன் குறைகிறது, வருவதும் சின்னதாக இருக்கிறது என்று முறையிட்டார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. எனக்கு இன்றும் மனம் ஆறாத இடம் அது. 1992 ஜூலை 2 அன்று அங்கே காட் பிடிக்கத் தடை வந்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். தடை விலகியது 2024-இல்தான்.

சரி, வேறு வழி? ஆய்வுக் கப்பல், மீன் இருக்கும் இடம் இல்லாத இடம் பாராமல், குலுக்கல் முறையில் தேர்ந்த இடங்களில் ஆண்டுதோறும் ஒரே மாதிரி மடியை ஒரே அளவு நேரம் இழுக்க வேண்டும். படகுக் கணக்கை எடுப்பதென்றால் எஞ்சின் திறன், வலைக் கண்ணி அளவு, மீனைத் தேடி அலைந்த நேரம் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் குறியுங்கள்.