குடியாத்தத்து மழைக்குச் சித்தூரையும் பாருங்கள்

கேள்வி: வேலூர் மாவட்டத்துக்குக் கனமழை, மஞ்சள் எச்சரிக்கை என்றார்கள். அதை நம்பி அன்று தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் காயவைக்கவில்லை. ஒரு சொட்டு மழை இல்லை. ஒரு நாள் கூலிதான் போனது. பெரிய மாவட்டத்தை 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்த பிறகும் இதே கதைதான். இந்த வானிலை அறிக்கையை எதற்கு நம்ப வேண்டும்?
– நெசவாளர் ஒருவர், குடியாத்தம்

பதில்: ஒரு நாள் கூலி சின்ன விஷயம் இல்லை. கஞ்சி தோய்த்து நீட்டிய பாவில் நாலு தூறல் விழுந்தால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் கோபம் ஆள் மாறி விழுகிறது. அறிக்கை எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்திருக்கிற எல்லைக்கோடுதான் தப்பு.

அந்த மஞ்சள் நிறத்துக்குப் பக்கத்தில் ‘ஓரிரு இடங்களில்’ என்று இருந்திருக்கும். அது பேச்சுக்குப் போட்ட வார்த்தை இல்லை. மழைமானி இருக்கும் இடங்களில் கால்வாசிக்கு மேற்படாமல் பெய்யும் என்று அதற்குக் கணக்கு உண்டு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் குறைந்தது 64.5 மில்லிமீட்டர். ஆக, ஒடுகத்தூரில் ஏழு சென்டிமீட்டர் கொட்டிக் குடியாத்தம் காய்ந்து கிடந்தாலும் அறிக்கை பலித்ததாகத்தான் கணக்கு. உங்களுக்கு மட்டும் அது உதவவில்லை.

இதன் மறுபக்கத்தை நான் பட்டிருக்கிறேன். அணைக்கட்டுப் பக்கம் என் மைத்துனருக்குக் கொஞ்சம் நிலம். ஓர் ஆவணி மாதம் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிக் களத்தில் காயப்போட்டிருந்தார். மூன்று மணிக்கு போன்: “மாமா, மேற்கே இருட்டிக்கிட்டு வருது, மழைன்னு ஏதாவது போட்டிருக்காங்களா?” நான் வேலூரில் கோட்டை எதிரே வெள்ளை வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். மாவட்டத்துக்குப் பச்சை நிறம். ஒன்றும் இல்லை, பயப்படாதே என்று சொல்லிவிட்டேன். படுதா எடுத்து வருவதற்குள் களம் முழுக்கத் தண்ணீர். மூன்றாம் நாள் ஓட்டை உடைத்துப் பார்த்தால் பருப்பில் முளை எட்டிப் பார்த்தது. இருபது கிலோமீட்டர் தூரத்துக்குள் இவ்வளவு வித்தியாசம்.

ஜவ்வாது மலை அடிவாரத்தின் மழை வேறு, பாலாற்றுச் சமவெளியின் மழை வேறு. ஆவணி, புரட்டாசி மாலைகளில் கர்நாடக மேட்டுப்பக்கமும் சித்தூர்ப் பக்கமும் திரளும் இடிமேகம் கிழக்கே நகர்ந்து வருகிறது. அது பேரணாம்பட்டைக் கடக்கும்போது அரக்கோணத்தில் நட்சத்திரம் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து காற்றழுத்தத் தாழ்வு வந்தால் தலைகீழ்: முதலில் நனைவது அரக்கோணமும் நெமிலியும், வாணியம்பாடி வரைக்கும் அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

மூன்றாகப் பிரித்ததே போதாதா என்கிறீர்கள். அந்தக் கோடு பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் போட்டது. பாலாறு மூன்று மாவட்டத்திலும் ஓடுகிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் ஏலகிரியும், கீழே வெந்துகொண்டிருக்கும் வாணியம்பாடியும் ஒரே திருப்பத்தூர் மாவட்டம். உயரத்தால் மட்டுமே நாலைந்து டிகிரி குறையும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வெப்பநிலை சொன்னால் அது யாருக்கு?

மாநில எல்லைதான் இன்னும் பெரிய சங்கடம். நாட்டை 36 வானிலை உட்பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடு, புதுவை, காரைக்கால் எல்லாம் சேர்ந்து ஒன்று. உங்கள் ஊருக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் ராயலசீமா, அது வேறு உட்பிரிவு. கவுண்டன்ய ஆறு அங்கிருந்துதான் மோர்தானா அணைக்கு வருகிறது. பொன்னை ஆற்றில் வெள்ளம் வருமா என்பதை கலவகுண்டா அணைப் பக்கத்து மழை தீர்மானிக்கிறது, அதுவும் ஆந்திரா. 2021 நவம்பரில் உங்கள் ஊருக்குள் கவுண்டன்யா எப்படிப் புகுந்தது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஒரே ஆற்றில் வருகிறது. அறிக்கை மட்டும் இரண்டு மாநிலத்துக்கு இரண்டாகப் பிரிந்து வருகிறது.

வேறு மாதிரி பிரிக்க முடியாதா? முடியும். அமெரிக்காவில், நம் மாவட்டம் மாதிரியான ஒரு கவுண்டிக்குள் மலையும் சமவெளியும் இருந்தால் முன்னறிவிப்புக்குத் தனித்தனி மண்டலமாக வெட்டிக்கொள்கிறார்கள். பலத்த இடிமழை எச்சரிக்கையை 2007 அக்டோபரிலிருந்து கவுண்டிக் கணக்கை விட்டுவிட்டு, மேகம் போகும் பாதையை ஒட்டிப் பலகோணமாக வரைகிறார்கள். நம்மிடமும் கணக்கு இல்லாமல் இல்லை. 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறை நாட்டை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. அவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டுவிட்டு, கடைசியில் மாவட்டம் முழுக்க ஒரே வண்ணம் பூசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கலெக்டருக்கு மாவட்டம் வேண்டும், பள்ளிக்கு லீவு விடுவது, முகாம் திறப்பது எல்லாம் அவர் வேலை என்பார்கள். சரி, மாவட்ட நிறம் அவருக்கு இருக்கட்டும். அதற்குக் கீழே மக்களுக்கென்று மண்டலம் வேண்டும்: பேரணாம்பட்டு, குடியாத்தம், பொன்னை ஆகிய ஆந்திர எல்லைப் பக்கம், எல்லைக்கு அப்பால் உள்ள நீர்ப்பிடிப்போடு சேர்த்து ஒன்று; ஜவ்வாது அடிவாரம், அணைக்கட்டு முதல் ஆலங்காயம் வரை, மாவட்டக் கோட்டைப் பார்க்காமல் ஒன்று; அரக்கோணம், நெமிலியைத் திருத்தணியோடு சேர்த்து ஒன்று; நடுவில் பாலாற்றுச் சமவெளி. கோடு போட்டால் மட்டும் ஆகாது, மழைமானியும் கூட வேண்டும். சென்னை ரேடாரின் கதிர் 140 கிலோமீட்டர் தாண்டி இங்கே வரும்போது தரையை விட்டு ஒரு கிலோமீட்டருக்கும் மேலே போய்விடுகிறது. தாழ்வாகத் திரளும் மழை அதன் கண்ணுக்குச் சரியாகப் படாது.

அதுவரைக்கும் பாவு நீட்டுகிற நாளில் இரண்டு காரியம் செய்யுங்கள். நிறத்தோடு நிறுத்தாமல், ‘ஓரிரு இடங்களிலா’, ‘பெரும்பாலான இடங்களிலா’ என்று படியுங்கள். அப்புறம், வேலூருக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்த கையோடு சித்தூர் மாவட்டத்துக்கும் பாருங்கள். சாயங்காலம் உங்கள் தெருவுக்கு வரும் மழை, பெரும்பாலும் மத்தியானம் அங்கேதான் இருக்கும்.