உயிருள்ள சிங்கி இறாலை எப்படிச் சமைப்பது?

கேள்வி: அக்கா, கடலுக்குப் போன தம்பி இரண்டு கிரேஃபிஷ் (சிங்கி இறால்) உயிரோடு தந்திருக்கிறான். நாளைக்குத்தான் கறி வைக்கிறேன். அதுவரை தண்ணீரில் போட்டு வைக்கலாமா? கொதிநீரில் அப்படியே போட மனம் வரவில்லை.
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: குழாய்த் தண்ணீரில் மட்டும் விட்டுவிடாதீர்கள் தங்கச்சி, கடல் உயிர், செத்துப்போகும். ஈரச் சாக்கில் சுற்றி ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள், இறுக மூடிய டப்பா வேண்டாம். முடிந்தால் இன்றைக்கே சமைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் செத்துக் கிடந்ததைச் சமைக்கவே கூடாது, சதை சீக்கிரம் கூழாகிக் கெட்டுவிடும்.

மனம் வராதது சரிதான், அதைத் துடிக்கவிட அவசியமே இல்லை. ஐஸ் நிறைந்த உப்புத்தண்ணீரில் அரைமணி நேரம் முக்கி வையுங்கள். மீசையை இழுத்தாலும் வாலைத் தொட்டாலும் அசையவில்லை என்றால் மரத்துவிட்டது. அப்புறம் கனத்த துணியால் பிடித்து (நம் சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது, ஆனால் முள் கையைக் கிழித்துவிடும்) மல்லாக்கப் போட்டு, கனமான கத்தியால் தலையிலிருந்து வால்வரை நடுக்கோட்டில் தயங்காமல் சட்டென்று பிளந்துவிடுங்கள். நரம்பு முடிச்சுகள் அந்தக் கோட்டில்தான் வரிசையாக இருக்கின்றன, தலையை மட்டும் வெட்டினால் போதாது. தலைக்குள் இருக்கும் பை, வாலில் ஓடும் கருப்புக் குடல் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

மசாலாவும் தக்காளியும் நன்றாக வெந்தபிறகு கடைசியில் போடுங்கள். சதை உள்வரை வெள்ளையானதும் இறக்கிவிட வேண்டும், அதிகம் வெந்தால் ரப்பர்தான்.

தம்பியிடமும் சொல்லுங்கள்: முட்டை சுமந்ததையும், முதுகு ஓட்டின் நீளம் 65 மி.மீ.க்குக் குறைந்ததையும் கடலிலேயே விட்டுவிட வேண்டும், சட்டமும் அதுதான்.