ஒரு ஆளுக்கான சமையல்

அன்புள்ள ஐயா,

முதுகலை படிக்கிறேன். முதன்முறையாகத் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஆரோக்கியமாகச் சாப்பிட வேண்டும் என்று வீடியோக்களைப் பார்த்துச் சமைக்கத் தொடங்கினேன். முதல் சில வாரங்கள் உற்சாகமாகப் போயின. இப்போது வாங்கும் காய்களில் பாதி அழுகிவிடுகிறது. வகுப்பு முடிந்து வந்தால் அடுப்படியில் நிற்கத் தெம்பில்லை. பல இரவுகள் நூடுல்ஸோடு முடிகின்றன. மொத்தமாகச் சமைத்து வைக்கலாம் என்றால், பழையதைச் சாப்பிட்டால் வயிறு கெடும் என்கிறார்கள் நண்பர்கள். எனக்குச் சமையல் வராது என்றே தோன்றுகிறது. பேசாமல் புரோட்டீன் பவுடர் வாங்கிச் சமாளிக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் எதுவும் கருகவில்லை, உப்புக் கரிக்கவில்லை, வேகாமல் போகவும் இல்லை. அப்புறம் எப்படிச் சமையல் வராது என்கிறீர்கள்? காய் அழுகுவதும் தெம்பில்லாமல் போவதும் கைப்பக்குவத்தில் வரும் குறைகள் இல்லை. உங்களுக்குச் சமையல் வருகிறது, ஒரு ஆளுக்குச் சமைக்கத்தான் பழக்கமில்லை.

சமையல் குறிப்புகள் பெரும்பாலும் நாலு பேருக்கு எழுதப்படுகின்றன. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு முட்டைக்கோஸ் ஒரே வேளையில் தீரும். உங்களிடம் அது வாரம் முழுக்க உட்கார்ந்திருக்கும். குறிப்பைப் பார்த்துக் காய் வாங்கினால் ஒவ்வொன்றிலும் பாதி மிஞ்சத்தான் செய்யும். ஆகவே முதலில் காயைப் பாருங்கள், பிறகு என்ன செய்வதென்று யோசியுங்கள். கீரை வாங்கினால் ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். கேரட்டும் முட்டைக்கோஸும் குளிர்பெட்டியில் பொறுமையாகக் காத்திருக்கும். உறைந்த பட்டாணி, பீன்ஸை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். பறித்த கொஞ்ச நேரத்தில் உறைய வைப்பதால் சத்தில் பெரிய குறை வருவதில்லை.

அடுத்தது நேரம். பசி வந்த பிறகு அடுப்பைப் பற்றவைத்தால் நூடுல்ஸ்தான் ஜெயிக்கும். (வெங்காயம் ஐந்தே நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று வீடியோவில் சொல்பவர்களையும் நம்பாதீர்கள், நடுவில் வெட்டி ஒட்டியிருப்பார்கள்.) பசிக்காத நேரத்தில், விடுமுறை நாளில், கொண்டைக்கடலையோ பருப்போ ஒரு பானை வேகவையுங்கள். முக்கியமான விஷயம், அதில் மசாலா எதுவும் சேர்க்காதீர்கள். உப்பு மட்டும் போதும். மொத்தத்தையும் குழம்பாக்கி வைத்தால் மூன்றாம் நாள் அதைப் பார்க்கவே பிடிக்காது. வெறுமனே வெந்த கடலை என்றால் ஒரு நாள் தக்காளி வெங்காயத்தோடு வதக்கலாம், மறுநாள் வெள்ளரிக்காயும் எலுமிச்சையும் சேர்த்துப் பச்சையாகச் சாப்பிடலாம், அப்புறம் முட்டையோடு சோற்றில் கிளறலாம். அன்றன்றைக்கு அடுப்படி வேலை கால் மணி நேரம்தான். எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள், பருப்பு வகைகளில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது.

ஒரு எச்சரிக்கை. கடலைக்குப் பதில் ராஜ்மா வேகவைத்தால், அதை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்க விடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. பழையது என்பதால் உணவு கெடுவதில்லை, வெளியே கிடப்பதால் கெடுகிறது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பநிலையில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரவு முழுக்க மேசையில் கிடந்த சோற்றைக் காலையில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிப் பயனில்லை என்பது இதனால்தான். சமைத்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். சோற்றை மறுநாளே முடித்துவிடுங்கள். வெந்த கடலையும் பருப்பும் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து உறைய வைக்கலாம்.

நூடுல்ஸை விட்டொழியுங்கள் என்று சொல்லப் போவதில்லை, பரீட்சை நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அதிலுள்ள மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போடுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் அதில் பெரும்பங்கு ஒரே கிண்ணத்தில் போய்விடும். கூடவே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, ஒரு கை உறைந்த காயும் சேர்த்தால் அதுவும் சாப்பாடுதான். அதே நிறுவனம் காயும் பழமுமாக நாளுக்கு 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது. ஒரே வேளையில் முடியாது, மூன்று வேளைக்கும் பிரித்தால் முடியும்.

புரோட்டீன் பவுடர் உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். இரண்டு முட்டையில் ஏறக்குறைய 12 கிராம் புரதம், ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 15 கிராமுக்கு மேல். பருப்பில் நார்ச்சத்தும் சேர்ந்து வருகிறது. பவுடருக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல கத்தி, அடி கனமான ஒரு பாத்திரம், இறுக மூடும் சின்ன டப்பாக்கள் நாலைந்து வாங்குங்கள். கத்தியை முதலில் வாங்குங்கள்; மழுங்கிய கத்தியோடு அல்லாடினால் காய் நறுக்குவதே வெறுத்துப்போகும்.