டாங்க் மாடல் நன்றாக வந்தும் டையோரமா பொம்மைக் காட்சியாகத் தெரிவது ஏன்?

கேள்வி: 1/35 அளவில் ஒரு டாங்க் மாடலைக் கட்டி, வண்ணம் பூசி, முதல்முறையாகச் சேற்று நிலக் காட்சி ஒன்றில் வைத்திருக்கிறேன். தனியாக எடுத்துப் பார்த்தால் மாடலில் குறை தெரியவில்லை. காட்சியில் வைத்ததும் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. எதைத் திருத்துவது?

பதில்:

எடையை. வண்ணப் பெட்டியைத் திறப்பதற்கு முன் எடையைப் பாருங்கள்.

1943ஆம் ஆண்டு வகை சோவியத் டி-34 டாங்க் ஏறக்குறைய 31 டன். மாடலில் நீளம், அகலம், உயரம் மூன்றுமே 35இல் ஒரு பங்காகக் குறைகின்றன. ஆகவே எடையை 42,875ஆல் வகுக்க வேண்டும். கணக்குப்படி நம் மாடல் 700 கிராமுக்கு மேல் இருந்தாக வேண்டும். பிளாஸ்டிக் கிட் அதன் பக்கத்தில்கூட வராது. விரலால் தட்டினால் நகர்ந்துவிடும் அந்தப் பொருளை 31 டன் இரும்பு என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். டையோரமாவில், அதாவது மாடலை வைத்துக் கட்டும் குறுங்காட்சியில், நாம் செய்கிற வேலை அத்தனையும் அதற்காகத்தான்.

உங்களுடையதும் சேற்று நிலம் என்பதால், நான் கட்டிய சேற்றுக் காட்சி ஒன்றை வைத்தே சொல்கிறேன். 1944 மார்ச், உக்ரைன். மார்ச் 5 அன்று சோவியத் தளபதி கோனெவ் தலைமையிலான இரண்டாம் உக்ரைன் முனைப் படைகள் உமான் நகரின் திசையில் தாக்குதலைத் தொடங்கின. 10ஆம் தேதி உமான் அவர்கள் கைக்கு வந்தது; 26ஆம் தேதி புரூட் ஆற்றை எட்டிவிட்டார்கள். இவ்வளவும் பனி உருகி, சாலை எது வயல் எது என்று தெரியாமல் போன பருவத்தில் நடந்தது. என் காட்சியில் ஒரு டி-34, அமெரிக்கா அனுப்பிய ஸ்டூடிபேக்கர் லாரி ஒன்றைக் கயிறு கட்டிச் சேற்றிலிருந்து இழுக்கிறது. கதை அவ்வளவுதான். சண்டையும் இல்லை, புகையும் இல்லை. இழுபடுகிற கனம் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

முதலில் டிராக் பட்டை, அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை. டி-34க்குப் பட்டையின் மேல்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. பட்டை பெரிய சக்கரங்களின் தலைமேலேயே படுத்துக் கிடக்கும். இரு சக்கரங்களுக்கு இடையே தொய்ந்திருக்கும். கிட்டில் வரும் வினைல் பட்டையோ விறைப்பாக மேலே மிதந்து நிற்கும். பொம்மைத்தனத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. பட்டையைச் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டி, பசை காயும் வரை மேலே நுரைப்பஞ்சை அடைத்து வைத்தால் சரியாகிவிடும். தனித்தனிக் கண்ணிகளாக வரும் உலோகப் பட்டையில் இந்தப் பாடு இல்லை. தன் கனத்திலேயே தொய்ந்துகொள்ளும். உங்களுடையது அமெரிக்க ஷெர்மன் டாங்க் என்றால் இதைச் செய்துவிடாதீர்கள். அதற்குத் தாங்கு உருளைகள் உண்டு. மேல்பட்டை ஏறக்குறைய நேராகவே ஓடும்.

சக்கரங்களும் அப்படித்தான். மேடுபள்ளத்தில் நிற்கும் டாங்கின் சக்கரங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க முடியாது. கிட்டில் சக்கரக் கைகளை ஒரே உயரத்தில் நிறுத்துவதற்கென்று சிறு முளைகள் இருக்கும். அவற்றைச் சீவி எடுத்துவிட்டு, தரையின் வடிவத்தைப் பார்த்து ஒவ்வொரு கையையும் ஒட்ட வேண்டும். அப்படியானால் டாங்க் முடிவதற்கு முன்பே தரை தயாராக இருக்க வேண்டும். பெரும்பாலோர் மாடலை முழுக்க முடித்துவிட்டுத்தான் தளத்தைப் பற்றி யோசிக்கவே தொடங்குகிறார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

காய்ந்த தரைமேல் டாங்கைத் தூக்கி வைத்தால், தூக்கி வைத்ததாகவேதான் தெரியும். நான் செய்வது இது: அடர்த்தியான ஃபோம் பலகையில் மேடுபள்ளத்தைச் செதுக்கி, அதன்மேல் பிளாஸ்டர், பிவிஏ பசை (மரவேலைக்கான வெள்ளைப் பசை), சலித்த மெல்லிய மணல், பிக்மென்ட் எனும் நிறத்தூள் நான்கையும் பிசைந்த கலவையைப் பரப்புகிறேன். அது இறுகத் தொடங்குவதற்குள், பட்டைகளை மெல்லிய பிளாஸ்டிக் உறையால் சுற்றி, டாங்கை அழுத்தி எடுக்கிறேன். 30 சென்டிமீட்டர் சேறு நம் அளவில் எட்டரை மில்லிமீட்டர். முதல் பார்வைக்கு மிகையாகத்தான் படும், துணிந்து அழுத்துங்கள். டி-34 பட்டையின் அகலம் 50 சென்டிமீட்டர், அதாவது 14 மில்லிமீட்டர். அது விட்டுச் செல்லும் தடமும் அதே 14 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். மிச்சம் கிடக்கும் பட்டைத் துண்டு ஒன்றால் அழுத்திக்கொண்டே போனால் தடம் வந்துவிடும். பிறகு குனிந்து ஓரங்களைப் பாருங்கள். பள்ளத்திலிருந்து வெளியேறிய மண் எங்காவது போயிருக்க வேண்டுமல்லவா? அது இருபுறமும் பிதுங்கி வரப்பு கட்டியிருக்கும். வண்டி திரும்பிய இடத்தில் தடத்தின் அச்சு வழித்துக்கொண்டு போய், வெளிப்பக்கம் குவிந்திருக்கும். இந்த வரப்பு இல்லாத தடம், கரண்டியால் கீறிய கோடு என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

லாரிக்கு அழுத்துவது போதாது. பின் அச்சுகள் வரை புதைந்த லாரி வேண்டுமென்றால் பின்சக்கரங்களின் கீழ்ப்பாதியை ரம்பத்தால் அறுத்தே எறிய வேண்டும். பொறுமையாக ஒட்டிய வில்தகடுகளும் அச்சுகளும் மண்ணுக்குள் மறைவதைப் பார்க்கப் பலருக்கு மனம் வராது. மனம் வராதவர்கள் கல் பாவிய தெருவில் வண்டியை நிறுத்திக்கொள்வது நல்லது.

தள அளவைப் பற்றி ஒரு வார்த்தை. டாங்கின் உடல் 17 சென்டிமீட்டர் அளவு, லாரி அதைவிடச் சற்று நீளம், நடுவில் கயிறு வேறு. விளிம்புக்கு இணையாக வைத்தால் ரயில் பெட்டிகளாகிவிடும். மூலைவாட்டில், கொஞ்சம் கோணலாக வையுங்கள். அட்டையில் வெட்டிய வடிவங்களை நகர்த்திப் பார்த்துவிட்டுத் தளத்தை அறுங்கள். லாரியின் பின்பாதியைத் தளத்தின் விளிம்போடு வெட்டிவிட்டு இடத்தை மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. எனக்கு அது ஒட்டுவதில்லை.

இந்தக் காட்சியில் நான் அதிகம் மல்லுக்கட்டியது கயிற்றோடுதான். டாங்க் இழுக்கிறது என்றால் கயிறு நேர்கோடாக நிற்க வேண்டும். செம்புக் கம்பியை முறுக்கிச் செய்யும் கயிறு, டாங்கின் பக்கவாட்டில் வளைத்து மாட்டி வைக்க அழகாக இருக்கும்; இழுவைக்கு உதவாது. எங்கேயாவது ஓரிடத்தில் மடிந்துவிடும், அந்த மடிப்பை எதைக் கொண்டும் நிமிர்த்த முடியாது. 0.7 மில்லிமீட்டர் அளவில் முறுக்கிய எஃகுக் கம்பியை எடுத்து, இரண்டு கொக்கிகளிலும் நுண்துளையிட்டு, முள் செருகி, எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாக மாட்டுங்கள். கயிறு விறைத்து நிற்கும்போது இரு முனைகளிலும் அதன் விளைவு தெரிய வேண்டும். டாங்கின் பின்பக்கம் ஒரு மில்லிமீட்டராவது தாழ்ந்திருக்கட்டும். டி-34க்கு உந்துசக்கரம் பின்னால்தான் இருக்கிறது, மண்ணை வாரி எறிவதும் அங்கேதான். சேற்றில் கிடந்து எழுந்த கயிறு என்பதால் அதன் நடுப்பகுதியில் மண் கட்டிகள் ஒட்டித் தொங்கட்டும். முனைகள் சுத்தமாக இருக்கலாம்.

மனித உருவங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். டாங்க் ஓட்டுநர் முன்னால் உட்கார்ந்திருப்பவர். பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. அதனால் டரட் (மேலே சுழலும் பீரங்கிக் கூண்டு) மூடியைத் திறந்து பின்பக்கம் திரும்பிப் பார்க்கும் ஒருவர் தேவைப்படுகிறார். லாரியின் பக்கத்தில் கை உயர்த்திச் சைகை காட்ட இன்னொருவர். இருவர் பார்வையும் கயிற்றின்மேல் சந்தித்தால் பார்ப்பவர் கண்ணும் அங்கே போய் நிற்கும். லாரியைத் தள்ளும் உருவம் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது. நடக்கிற வீரன் ஒருவனை இடுப்பிலும் முழங்காலிலும் அறுத்து, கம்பி செருகி, கோணத்தை மாற்றி, இடைவெளியை எபாக்ஸி புட்டியால் நிரப்பித்தான் செய்தேன். தலையிலிருந்து பின்காலின் குதிகால் வரை ஒரே சாய்கோடாக வர வேண்டும். உடல் நிமிர்ந்து கை மட்டும் நீண்டிருந்தால் அவன் லாரியைத் தடவிக்கொடுக்கிறான் என்று அர்த்தம்.

சும்மா நிற்கிறவனுக்கும் எடை உண்டு. ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றால் அந்தப் பக்க இடுப்பு உயரும், அதே பக்கத் தோள் தாழும். பூட்ஸின் அடியை மூன்று மில்லிமீட்டர் அறுத்துவிட்டு மண்ணில் நடுங்கள். கணுக்கால் வரை புதைந்துவிடுவான். டாங்கின் பின்தட்டில் உட்கார்ந்து வருகிறவர்கள் (எஞ்சின் சூடு அங்கேதான் கிடைக்கும்) உட்காரும் இடம் தட்டையாக இருக்கிறதா என்று ஒளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கீற்று வெளிச்சம் தெரிந்தால் அரத்தால் தேய்க்க வேண்டியதுதான். மூட்டை முடிச்சுகளும் இதே விதிக்குள் வரும். கட்டிய வார் துணியை அழுத்திக் குழி விழச் செய்ய வேண்டும். துணி ஓரம் தொங்க வேண்டும்.

வண்ணத்துக்கு வருவோம். அடிப்படைப் பச்சை, சோவியத் 4பிஓ. லாரி அமெரிக்கத் தொழிற்சாலை ஆலிவ் நிறத்திலேயே வந்தது, ஆகவே இரண்டு பச்சைகளும் ஒன்றாக இருக்கக் கூடாது. மார்ச் மாதம் என்பதால் டாங்கின் குளிர்கால வெள்ளைப்பூச்சு பாதி உரிந்திருக்கும். பச்சைமேல் ஹேர் ஸ்பிரே, அதன்மேல் அக்ரிலிக் வெள்ளை. காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால் வெள்ளை திட்டுத்திட்டாக உரியும். ஆட்கள் ஏறி இறங்கும் வழியில் அதிகம் தேயுங்கள். கை படாத மூலைகளில் விட்டுவிடுங்கள்.

சேற்றுக்கு ஒரே ஒரு விதி: தரையில் பூசிய அதே கிண்ணத்திலிருந்துதான் வண்டியிலும் பூச வேண்டும். காட்சியையும் மாடலையும் ஒன்றாகக் கட்டுவதில் இதற்கு நிகரான பசை கிடையாது. உக்ரைனின் செர்னோசெம் கரிய மண். மஞ்சள் தூள் அங்கே பொருந்தாது. அதே மண்தான் காய்ந்தால் வெளிறும், நனைந்தால் கறுக்கும். மேலே தெறித்து நேற்றே காய்ந்தது வெளிர்நிறம். பட்டையில் இப்போது ஒட்டியது கறுப்பு, பளபளப்பு. பளபளப்பு வார்னிஷை ஈரமான இடங்களுக்கு மட்டும் தொடுங்கள். தடங்களில் தேங்கிய தண்ணீருக்கு ரெசினில் துளி மண்ணிறம் கலந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அடுக்குகளாக ஊற்றுங்கள்; தெளிந்த நீர் சேற்றுச் சாலையில் இருக்காது.

துருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. போர்முனையில் சில மாதங்களே ஓடிய டாங்கின் தடித்த கவசத் தகடு ஆரஞ்சு நிறத்தில் செதில் செதிலாக உதிராது. புகைக்குழாய் துருப்பிடிக்கும், சரி. சக்கரத்தின் ரப்பர் விளிம்பில் வெள்ளிக் கீறல் வரைகிறவர்கள்கூட இருக்கிறார்கள். ரப்பர் எப்படிப் பளபளக்கும்? உங்கள் மாடலில் அப்படி ஏதேனும் இருந்தால் அதையும் சேற்றால் மூடிவிடுங்கள்.

காலக்கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். செம்படையில் தோள்பட்டைச் சின்னங்கள் 1943 ஜனவரியில் வந்துவிட்டன, ஆகவே 1944 காட்சியில் பழைய கழுத்துப்பட்டிச் சின்னம் நிற்காது. 85 மில்லிமீட்டர் பீரங்கி கொண்ட பிந்தைய வகையான டி-34-85 போருக்கு வரத் தொடங்கியதே 1944இன் முற்பகுதியில்தான். ஜெர்மன் வண்டி என்றால் சிமெரிட் பூச்சைக் (காந்த வெடிகள் ஒட்டாதிருக்கக் கவசத்தின்மேல் பூசிய பசை) கவனியுங்கள். அது பின்னால் வந்தது; அதைப் பூசிய டைகர் டாங்கை 1943 ஜூலை கூர்ஸ்க் களத்தில் நிறுத்த முடியாது.

உங்கள் காட்சியை உடைக்க வேண்டாம். இந்த அளவில் நின்றுகொண்டிருக்கும் மனிதனின் கண், தரையிலிருந்து 46, 47 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். செல்பேசியின் லென்ஸை அந்த உயரத்தில் வைத்துப் படம் எடுங்கள். பட்டைக்கும் தரைக்கும் நடுவே, பூட்ஸுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். டாங்கும் தரையும் ஒரே சாம்பலில் கலந்துவிட்டால் வண்டியின் மேல்பகுதியைக் காய்ந்த மண்ணின் நிறத்தில் வெளுக்க வேண்டும்.

பிவிஏ பசையில் ஒட்டியிருந்தால், பட்டையைச் சுற்றி ஈரப் பஞ்சை இரவு முழுக்க வைத்திருந்து, மெல்லிய கத்தியை அடியில் நுழைத்தால் டாங்க் வந்துவிடும். சூப்பர் குளூ என்றால் நுண் ரம்பம்தான் வழி. டாங்க் இருந்த இடத்தில் பத்து மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தரையைச் சுரண்டி எடுத்து, புதுக் கலவை இட்டு, மேலே சொன்னபடி அழுத்துங்கள். பழைய தரையும் புதியதும் சேரும் கோட்டைத் தடத்தின் வரப்பு மறைத்துவிடும். என்ன டாங்க், எந்த ஆண்டு என்பதோடு தரைமட்டத்தில் எடுத்த பக்கவாட்டுப் படம் ஒன்றையும் கேள்வியில் சேர்த்தீர்களென்றால், பட்டைத் தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.