ஜிலேபி எழுத்தில் யார் பெயர்?

கேள்வி: என் தாத்தா 1938-இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த வாள் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. கைக்காப்பு இல்லாத உருண்டைப் பிடி, வெள்ளித் தகடு போட்ட உறை. கறுத்த அலகில் வெள்ளியில் ஜிலேபி ஜிலேபியாக எழுத்து. சோர் பஜார் கடைக்காரர் ஒருவர், "செய்தவன் முத்திரை, நல்ல விலை போகும்" என்கிறார். நம்பலாமா? புளி போட்டுத் துலக்கலாமா?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: புளியை முதலில் கீழே வையுங்கள் அம்மா. அது அழுக்கு இல்லை. வெள்ளி எடுப்பாகத் தெரியவேண்டும் என்றே அலகைக் கறுப்பாக்குவார்கள். புளி பட்டால் கறுப்பு போய்விடும், எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது.

உங்களிடம் இருப்பது பர்மாவின் 'தா'. கத்தி, வாள் இரண்டுக்கும் அங்கே அதே பெயர்தான். எழுத்து செய்தவர் பெயராக இருக்கலாம், வைத்திருந்தவர் பெயராகவும் இருக்கலாம். பக்கத்தில் உருவங்கள் இருந்தால் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைக் காட்சியின் பெயராகக்கூட இருக்கும். படிக்கத் தெரியாமலே கடைக்காரர் விலை சொல்கிறார்! சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து, பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பெரியவர் யாரிடமாவது காட்டுங்கள்.

நானும் ஏமாந்தவன்தான். அதே சோர் பஜாரின் மட்டன் தெருவில் 'ஜாவா சுல்தான் வாள்' என்று ஒன்றை வாங்கி, மாட்டுங்கா வீட்டில் கிரீஸைத் துடைத்தால், பிடிக்குப் பக்கத்தில் 'ஹெம்ப்ரூக்' என்று ஆங்கில எழுத்தில் குத்தியிருக்கிறது. டச்சு அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை! அது 1898-ஆம் வருஷ மாடல் 'க்ளேவாங்' வாள், பட்டாளத்துச் சரக்கு. "சுல்தான் கையெழுத்தா?" என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள். அதே க்ளேவாங்கில் 'மில்ஸ்கோ' என்றிருந்தால் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் செய்தது. ஜாவாவின் 'கிரிஸ்' குத்துவாளில் கொல்லர் பொதுவாகப் பெயர் போடுவதில்லை. வளைவையும் இரும்பில் ஓடும் 'பமோர்' கோலத்தையும் பார்த்துத்தான் சொல்வார்கள்.

உறைக்குத் தனிக் கணக்கு. உறை பழுதானால் வேறு செய்துகொள்வார்கள். அதனால் தகட்டில் ஏதாவது முத்திரை இருந்தால் அது தட்டானைச் சொல்லும், கொல்லனைச் சொல்லாது. அலகின் வளைவும் உறையின் வளைவும் பொருந்துகிறதா பாருங்கள்.

ஆனால் உருவும்போது உறையைச் சுற்றிப் பொத்திப் பிடிக்காதீர்கள். இரண்டு மரத்துண்டை ஒட்டிய உறை அது; பழசானால் ஒட்டு விட்டு, கூர் அந்த இடுக்கு வழியே உள்ளங்கைக்கு வந்துவிடும். அலகின் கூரில்லாத முதுகு இருக்கும் பக்கமாக உறையைப் பிடியுங்கள். என் இடது கையில் நாலு தையல் இருக்கிறது.