மூவாயிரத்து எண்ணூற்று எழுபது

அன்புள்ள ஐயா,

உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. ஐவரைக் காப்பாற்ற ஒருவரைப் பலி கொடுக்கலாமா என்ற டிராலிக் கேள்வியை 60 பேரிடம் இரண்டு விதமாகக் கேட்டேன். எதிர்பார்த்த வேறுபாடு வரவில்லை. நான்கு பேரை நீக்கினால் வந்துவிடுகிறது. "எல்லாரும் செய்றதுதான், நீக்கிடு" என்கிறார் வழிகாட்டி. இது பொய்யா? இந்தக் கற்பனைக் கேள்விகளால் ஏதாவது தெரியவருமா?

ர.

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2018இல் பெல்ஜியத்தில் ஐந்து சுண்டெலிகளுக்கு ஷாக் அடிக்கப்போகிறது, பொத்தானை அழுத்தினால் ஒன்றுக்கு மட்டும் அடிக்கும் என்று நம்பவைத்துச் சோதித்தார்கள். கற்பனையாகக் கேட்டபோது அழுத்துவேன் என்றவர்கள் 66 சதவீதம். எலிகளை எதிரே வைத்தபோது அழுத்தியவர்கள் 84. (எந்த எலிக்கும் ஷாக் அடிக்கவில்லை.) மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்த நாளில் வீட்டு வருமானக் கணக்கெடுப்புக்குப் போனேன். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. நல்ல வெயில். கடைசிப் பதினொரு வீடுகளைப் புளியமரத்தடியில் உட்கார்ந்தே முடித்தேன். நிஜம்போல இருக்கட்டும் என்று 3,870, 2,640 என்று கவனமாகப் போட்டேன். மேற்பார்வையாளர் பார்த்த மாத்திரத்தில் கேட்டார்: "எந்த வீட்டுலப்பா மூவாயிரத்து எண்ணூத்தி எழுபதுன்னு சொன்னாங்க?" மனிதர்கள் மூவாயிரத்து ஐந்நூறு என்பார்கள், நாலாயிரம் என்பார்கள். திருப்பி அனுப்பினார். நான் இரண்டு குழந்தைகளைக் குடிவைத்திருந்த வீட்டில் ஒரு கிழவர் தனியாக இருந்தார்.

2012இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்தது. உறுதிமொழிக் கையெழுத்தைப் படிவத்தின் அடியில் வாங்காமல் தலையில் வாங்கினால் ஆட்கள் உண்மை சொல்வார்கள் என்றது. ஆதாரங்களில் ஒன்று, 13,488 கார் காப்பீட்டுப் படிவங்கள். 2020இல் அதை எழுதியவர்களே மறுபடி செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. தரவும் வெளியே வந்தது. மறுவருடம் மூன்று ஆய்வாளர்களின் டேட்டா கொலாடா தளம் அதைப் பிரித்துப் போட்டது. முதல் தடவை சொன்ன ஓடோமீட்டர் (கார் ஓடிய தூரத்தைக் காட்டும் கருவி) எண்களில் பலவும் பூஜ்யங்களில் முடிகின்றன. இரண்டாம் தடவை அப்படி இல்லவே இல்லை. இரண்டுக்கும் இடையே ஓடிய தூரமோ பூஜ்யத்திலிருந்து 50,000 மைல் வரை சமமாகப் பரவி, அங்கே கத்தியால் வெட்டியதுபோல நிற்கிறது. அதே ஆண்டில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்விலேயே மோசடியா என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் புளியமரம்தான் ஞாபகம் வந்தது.

சரி, உங்கள் நான்கு பேர். நீங்கள் செய்யப்போவது அந்த அளவுக்கான பொய் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் எனக்குக் கோபம் வேறிடத்தில். உங்கள் கடிதத்தில் அந்த நால்வர் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே! கேள்வியைப் படிக்காமல் மூன்று நொடியில் டிக் அடித்தார்களா? அப்படியென்றால், அதேபோல மூன்று நொடியில் அடித்துவிட்டு உங்களுக்குச் சாதகமாகப் போனவர்களும் இருப்பார்களே, அவர்களை ஏன் விட்டுவைத்தீர்கள்? யாரை நீக்குவது என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதிப் பூட்டிவைக்க முன்பதிவு என்றொரு வழக்கம் இருக்கிறது, ரயிலுக்குச் செய்வதுபோல. உங்கள் ரயில் போய்விட்டது. இப்போது நீக்கும் விதி ஒன்றை எழுதி, அதை 60 பேருக்கும் போட்டுப் பாருங்கள். நீக்காமல் வந்தது, நீக்கி வந்தது, இரண்டையும் எழுதுங்கள். வழிகாட்டி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம், அந்த நால்வரின் பதில்களை எனக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம்.